செக்பாயிண்டுக்குப் பிறகு வந்த முதல் ஐம்பது லட்சம் கட்டளைகள்: ஜெம்5 சிமுலேஷனில் ஒரு நிகழ்வு ஆய்வு

எல்2 கேஷை (அடிக்கடி தொடும் தரவை ப்ராசஸருக்கு அருகில் வைத்திருக்கும் வேகமான நினைவகத்தின் இரண்டாம் அடுக்கு) 2 எம்பியிலிருந்து 8 எம்பிக்கு உயர்த்தினால், இணைப்புகளை வைத்து மதிப்பெண் தரும் பேஜ்ரேங்க் நிரல் எவ்வளவு வேகமாகும்? ஆய்வின் கேள்வி இவ்வளவுதான். வந்த விடை: கொஞ்சம்கூட வேகமாகாது. இரண்டு அமைப்பிலும் ஐபிசி, அதாவது ஒரு கிளாக் சுழற்சிக்குச் சராசரியாக எத்தனை கட்டளைகள் முடிகின்றன என்ற அளவு, ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. எல்2 மிஸ், அதாவது தேடிய தரவு கேஷில் இல்லாமல் போன தடவைகள், அந்த எண்ணிக்கையிலும் வித்தியாசம் இல்லை.

முதுகலை ஆய்வுக்காக ஒரு மாணவி, ஒரு கணினியை மென்பொருளாலேயே போலச் செய்துகாட்டும் ஜெம்5 சிமுலேட்டரில் ஓட்டிய சிமுலேஷன் இது. சரிபார்க்கச் சொல்லி என்னிடம் வந்தது. லாக் சுத்தமாக இருந்தது, சிமுலேட்டர் எந்த எச்சரிக்கையும் தராமல் முடிந்திருந்தது, அளவீடுகள் பதியும் ஸ்டாட்ஸ் கோப்பில் எல்லா வரிகளும் நிரம்பியிருந்தன. விடையைத்தான் நம்ப முடியவில்லை.

நம்பாததற்குக் காரணம் உண்டு. நிரல் கேப் பெஞ்ச்மார்க் தொகுப்பிலிருந்து எடுத்தது. பெர்க்லியில் ஸ்காட் பீமர், கிர்ஸ்டே அசனோவிச், டேவிட் பேட்டர்சன் ஆகியோர் 2015இல் வெளியிட்ட தொகுப்பு. கிராஃப் (முனைகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும்) வேலைகளுக்கு இன்று பலரும் முதலில் எடுப்பது அதைத்தான். மாணவி எடுத்தது நிரலே செயற்கையாக உருவாக்கும் க்ரோனெக்கர் கிராஃப், அளவு 20. அதாவது 2இன் 20ஆம் அடுக்கு, 10,48,576 முனைகள். பேஜ்ரேங்கின் முக்கிய லூப் ஒவ்வொரு முனைக்கும் அதன் அண்டை முனைகளின் பங்களிப்பைக் கூட்டுகிறது. பங்களிப்புகள் ஒரு ஃப்ளோட் வரிசையில் இருக்கின்றன. முனைக்கு 4 பைட் வீதம் மொத்தம் 4 எம்பி. அண்டை முனைகளின் எண்கள் கலைந்து கிடப்பதால் இந்த வரிசையில் எந்த இடத்தை அடுத்துத் தொடுவோம் என்று சொல்ல முடியாது. 4 எம்பி வரிசை 2 எம்பி கேஷில் அடங்காது, 8 எம்பியில் அடங்கும். இந்தக் கேள்விக்கென்றே செய்த நிரல் போன்றது. இதில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அளந்த இடத்தில்தான் ஏதோ கோளாறு.

முதலிலிருந்து ஏன் ஓட்ட முடியாது

ஜெம்5, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்5 சிமுலேட்டரும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜெம்ஸும் இணைந்து 2011இல் வெளிவந்தது. முழு கணினியையும் அதில் ஓட்டலாம். லினக்ஸ் கெர்னல் பூட் ஆகும், டிஸ்க் படிக்கும், டைமர் இன்டரப்ட் வரும், பேஜ் ஃபால்ட் வரும். விலை வேகத்தில் போகிறது. கட்டளைகளை வரிசை மாற்றி இயக்கும் ஓ3 சிபியு மாதிரி, நல்ல சர்வரிலும், நொடிக்கு ஓரிரு லட்சம் கட்டளைகளைத்தான் முடிக்கும். கேஷின் தாமதங்களைக் கணக்கில் எடுக்காத எளிய அடாமிக் மாதிரி அதைவிடப் பத்து மடங்கு அளவுக்கு வேகமாகப் போகும்.

இப்போது பேஜ்ரேங்க் தொடங்குவதற்கு முன் நடக்கும் வேலையைப் பாருங்கள். கிராஃபை உருவாக்க 16 × 10,48,576, அதாவது 1,67,77,216 விளிம்புகள் வேண்டும். ஒவ்வொரு விளிம்புக்கும் அளவின் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு சுற்று, ஆக 20 சுற்று. மொத்தம் 33.5 கோடி சுற்றுகள். ஒரு சுற்றுக்குப் பத்தே கட்டளைகள் என்று குறைத்து வைத்தாலும் 335 கோடி கட்டளைகள். ஓ3இல் நொடிக்கு ஒரு லட்சம் என்றால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல்; இரண்டு லட்சம் என்றால் நாலரை மணி நேரத்துக்கு மேல். விளிம்புப் பட்டியல் மட்டும்தான் இது. அதை வரிசைப்படுத்தி, இரட்டைகளை நீக்கி, கிராஃப் அமைப்பாக்குவது தனி. அதற்கு முன்னால் உபுண்டு பூட் ஆக வேண்டும். ஆய்வுக்கு வேண்டிய பகுதி இத்தனைக்கும் பிறகுதான் வருகிறது.

அதனால்தான் ஃபாஸ்ட் ஃபார்வர்ட். வேண்டாத பகுதியை மிக வேகமான முறையில் கடந்து, வேண்டிய இடம் வந்ததும் அங்கே ஒரு செக்பாயிண்ட் (அந்தக் கணத்தில் கணினி இருந்த நிலையின் பதிவு) எடுத்துவிட்டால், அதிலிருந்து எத்தனை அமைப்புகளை வேண்டுமானாலும் ஓட்டலாம். ஜெம்5இல் மிக வேகமான முறை கேவிஎம், லினக்ஸின் வர்ச்சுவல் மெஷின் வசதி. சிமுலேட்டருக்குள் இருக்கும் கணினியின் கட்டளைகளை நம் சர்வரின் ப்ராசஸரே நேரடியாக இயக்கிவிடும். உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியாஸ் சாண்ட்பெர்க்கும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் காட்டியபடி, இப்படிச் செய்தால் நேரடி வேகத்தில் சராசரியாக 90 விழுக்காடு கிடைக்கும். மணிக்கணக்கில் போகிற கிராஃப் தயாரிப்பு ஒரு டீ குடித்து வருவதற்குள் முடிந்துவிடும்.

இதில் ஒரு அழகான சுற்று இருக்கிறது. 1990களில் ஸ்டான்ஃபோர்டில் மெண்டல் ரோசன்ப்ளம் குழு செய்த சிம்ஓஎஸ் என்ற முழு கணினி சிமுலேட்டரில் வேகமான முறையும் நுணுக்கமான முறையும் தனித்தனியே இருந்தன. வேகமான முறையில் பூட் செய்து, வேண்டிய இடத்தில் நுணுக்கத்துக்கு மாறுவார்கள். அந்த ரோசன்ப்ளம்தான் 1998இல் விஎம்வேர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அன்று சிமுலேட்டர் செய்தவர்கள் வர்ச்சுவல் மெஷின் பக்கம் போனார்கள். இன்று வர்ச்சுவல் மெஷின் வசதி சிமுலேட்டருக்குள் திரும்பி வந்திருக்கிறது.

கேவிஎம் பயன்படுத்துபவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரு தடவை முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நிரலுக்குள்ளிருந்து சிமுலேட்டருக்குச் சைகை கொடுக்க ஜெம்5 சில போலிக் கட்டளைகளை வைத்திருக்கிறது: எம்5 செக்பாயிண்ட், எம்5 எக்ஸிட், எம்5 ஒர்க்பிகின் போன்றவை. எக்ஸ்86இல் இவை உண்மையான ப்ராசஸருக்குத் தெரியாத கட்டளை எண்ணால் எழுதப்பட்டவை. கேவிஎம்மில் ஓடும்போது கட்டளையைப் படிப்பது உண்மையான ப்ராசஸர்தானே! அது தெரியாத கட்டளை என்று நிரலைக் கொன்றுவிடும். இதற்காகவே நினைவக முகவரி வழியாகச் சைகை கொடுக்கும் மாற்று வழி இருக்கிறது. மாணவி அதைச் சரியாகவே செய்திருந்தார்.

செக்பாயிண்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

செக்பாயிண்ட் எடுக்கும்போது ஜெம்5 முதலில் எல்லாவற்றையும் அடங்க விடுகிறது. பாதி வழியில் இருக்கும் மெமரி கோரிக்கைகள், முடியாத டிஸ்க் வேலைகள் எல்லாம் முடியும்வரை காத்திருக்கும். அப்புறம் கேஷ்களில் மாற்றப்பட்டுக் கிடக்கும் தரவை மெயின் மெமரிக்கு எழுதிவிடும். அதற்குப் பிறகு ஒரு கோப்புறையில் எல்லாவற்றையும் இறக்கும்.

அந்தக் கோப்புறையைத் திறந்து பார்ப்பதை எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். முக்கியக் கோப்பு சாதாரண டெக்ஸ்ட். எந்த எடிட்டரிலும் படிக்கலாம். சதுர அடைப்புக்குள் ஒவ்வொரு பாகத்தின் பெயர், அதன் கீழே அதன் நிலை. எந்த நொடியில் நிறுத்தினோம் என்பது டிக் கணக்கில் இருக்கும். ஒரு டிக் என்பது ஒரு பிகோ நொடி, 3 கிகாஹெர்ட்ஸ் கிளாக்கின் ஒரு சுழற்சி 333 டிக். சிபியு ரெஜிஸ்டர்கள், ப்ரோக்ராம் கவுண்டர், இன்டரப்ட் கன்ட்ரோலரின் நிலை, டைமர் எப்போது அடிக்கவேண்டும் என்பது, எல்லாம் அங்கே வரிவரியாகக் கிடைக்கும். மெயின் மெமரி தனிக் கோப்பாக, ஜிஜிப் முறையில் சுருக்கப்பட்டு. டிஸ்கில் பூட்டுக்குப் பிறகு எழுதப்பட்ட பகுதிகள் இன்னொரு கோப்பில்.

இல்லாதவை: எல்1, எல்2 கேஷ்களில் என்ன இருந்தது என்பது இல்லை. நிரல் எந்தக் கிளையில் போகும் என்று ஊகிக்கும் பிராஞ்ச் ப்ரெடிக்டர் கற்றுக்கொண்டது இல்லை. தரவை முன்கூட்டியே எடுத்துவைக்கும் ப்ரீஃபெட்சர் பிடித்து வைத்திருந்த போக்கு இல்லை. நான் சொல்வது ஜெம்5இன் கிளாசிக் மெமரி அமைப்பைப் பற்றி; அதன் இன்னொரு மெமரி அமைப்பான ரூபியில், கேஷ் நகல்களை ஒத்திருக்கச் செய்யும் சில கோஹியரன்ஸ் நெறிமுறைகளுக்குக் கேஷில் இருந்தவற்றைப் பதிந்துவைத்து, மீட்கும்போது திரும்ப ஓட்டி நிரப்பும் வழி உண்டு.

இந்த இல்லாமை ஒரு வசதிதான். கேஷ் பதியப்படாததால்தான் ஒரே செக்பாயிண்டை 2 எம்பி எல்2 வைத்தும் மீட்கலாம், 8 எம்பி வைத்தும் மீட்கலாம். மெமரி அளவை மாற்றினாலோ, கோர் எண்ணிக்கையை மாற்றினாலோ, ஒரு டிவைஸைச் சேர்த்தாலோ மீட்க முடியாது, கெர்னல் ஏற்கெனவே அவற்றைப் பார்த்துவிட்டது. கேஷ் அளவு அப்படியல்ல. இந்த ஆய்வு ஓடியதே இந்த வசதியால்தான்.

ஆனால் மீட்ட அந்தக் கணத்தில் இரண்டு கேஷ்களும் காலி. நிரலைப் பொறுத்தவரை எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு பிட்கூடத் தவறில்லை. வேகத்தைப் பொறுத்தவரை அப்படியொரு கணம் உண்மையான கணினியில் இருந்ததே இல்லை. கேவிஎம்மில் ஓடிவந்திருந்தால் இன்னொன்றும் சேர்கிறது: கேவிஎம் ஜெம்5இன் கேஷ்களைத் தொடுவதே இல்லை. 335 கோடி கட்டளைகள் ஓடியிருந்தாலும் சிமுலேட்டரின் கேஷுக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது.

கல் சூடேறுமுன் ஊற்றிய முதல் தோசையை வைத்து மாவைக் குறை சொல்ல முடியாது. மாணவியின் அளவீடு மீட்டவுடனே தொடங்கியது. ஓ3இல் ஐம்பது லட்சம் கட்டளைகள், அளக்குமுன் கேஷை நிரப்பும் வார்ம்-அப் கிடையாது.

முதல் சந்தேகம், பாதி சரி

ஆகவே முதலில் எல்லோருக்கும் தோன்றுவதே தோன்றியது: கேஷ் குளிர்ந்திருந்தது, அதுதான் காரணம். கணக்கும் ஒத்துவந்தது. கேஷ் தரவை எடுத்துவைக்கும் துண்டான லைனை 64 பைட் என்று வைத்தால் 2 எம்பி கேஷில் 32,768 லைன்கள், 8 எம்பியில் 1,31,072. காலியான கேஷில் ஒரு லைனை முதன்முறை தொட்டால் மிஸ்தான், கேஷ் எவ்வளவு பெரியதாக இருந்தாலும். பெரிய கேஷின் பலன் அது நிரம்பிய பிறகுதான் தெரியும். ஸ்டாட்ஸ் கோப்பில் கேஷ் சராசரியாக எவ்வளவு நிரம்பியிருந்தது என்று ஒரு வரி வரும். 8 எம்பி ஓட்டத்தில் அது நிறைவுக்கு எட்டாத தூரத்தில் நின்றது.

சரி என்று மாணவி ஒரு கோடி கட்டளை வார்ம்-அப் சேர்த்தார். செக்பாயிண்டிலிருந்து மீட்டு, கேஷுடன் அடாமிக் சிபியுவில் ஒரு கோடி, பிறகு ஓ3க்கு மாறி ஐம்பது லட்சம். இப்போது 8 எம்பி முன்னுக்கு வந்தது. வித்தியாசம் தெரிகிறது, காரணமும் கிடைத்துவிட்டது. இங்கேயே நிறுத்தியிருந்தால் ஆய்வில் "வார்ம்-அப் இல்லாததால் ஏற்பட்ட பிழை" என்று ஒரு வரி எழுதி முடித்திருப்பார்கள். அந்த வரி தவறாக இருந்திருக்கும்.

ஏனென்றால் ஒரு கோடி வார்ம்-அப் சேர்த்தபோது மாறியது கேஷின் நிலை மட்டுமல்ல. அளவீட்டு இடமும் ஒரு கோடி கட்டளை தள்ளிப் போய்விட்டது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டு, பலன் முழுவதையும் ஒன்றின் கணக்கில் எழுதுகிறோம். சிமுலேஷன் கட்டுரைகளில் இது நடக்கிறது என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். வார்ம்-அப்பை நீட்டுகிறவர்கள் எல்லோரும் அதற்கேற்பச் செக்பாயிண்டை முந்தைய இடத்துக்கு நகர்த்துவதில்லை. அளவீட்டு இடத்தை நிலையாக வைத்து, தொடங்கும் இடத்தை முன்கூட்டியே வைத்தால்தான் வார்ம்-அப்பின் பலன் தனியாகத் தெரியும்.

அந்த ஐம்பது லட்சம் எங்கே போனது

நிரலின் மூலத்தைத் திறந்து, அளந்த பகுதியில் உண்மையில் என்ன ஓடியது என்று பார்த்தோம். பேஜ்ரேங்க் ஃபங்ஷனில் நுழைந்ததும் முதல் வேலை இரண்டு வரிசைகளை ஒதுக்குவது: மதிப்பெண் வரிசை, பங்களிப்பு வரிசை. மதிப்பெண் வரிசையில் எல்லா முனைக்கும் தொடக்க மதிப்பு எழுதப்படுகிறது. அடுத்து, திரும்பத் திரும்ப நடக்கும் கணக்கின் முதல் சுற்று தொடங்குகிறது. ஆனால் சுற்றுக்குள் இரண்டு லூப்கள். முதலாவது ஒவ்வொரு முனையின் மதிப்பெண்ணையும் அதன் விளிம்பு எண்ணிக்கையால் வகுத்துப் பங்களிப்பு வரிசையில் போடுகிறது. இரண்டாவதுதான் நாம் தேடிய லூப், அண்டை முனைகளைத் தாவித் தாவிப் படிப்பது.

முதல் லூப்பை அசெம்ப்ளியில் எண்ணினால் முனைக்குச் சுமார் பத்து கட்டளைகள். பத்து லட்சம் முனைகளுக்கு ஒரு கோடி. மாணவியின் ஐம்பது லட்சம் இந்த லூப்பின் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. தேடிய லூப்பை அது தொடவே இல்லை!

இந்த முதல் லூப் மெமரியை எப்படிப் படிக்கிறது என்று பாருங்கள். விளிம்பு எண்ணிக்கையை அறிய, முனைக்கு 8 பைட் பாயிண்டர்கள் கொண்ட அட்டவணையை வரிசையாகப் படிக்கிறது. மதிப்பெண் 4 பைட், வரிசையாக. பங்களிப்பு 4 பைட், வரிசையாக எழுதுகிறது. முனைக்கு 16 பைட், எல்லாமே நேர்க்கோடு, எதையும் திரும்பத் தொடுவதில்லை. ஐம்பது லட்சம் கட்டளைகளில் சுமார் ஐந்து லட்சம் முனைகள், 80 லட்சம் பைட், ஒன்றேகால் லட்சம் லைன்கள். 8 எம்பி கேஷ் அளவீடு முடியும் நேரத்தில்தான் ஏறக்குறைய நிரம்புகிறது. அது நிரம்பியே தொடங்கியிருந்தாலும் பெரிய பலன் இருந்திருக்காது, திரும்பத் தொடாத தரவுக்குக் கேஷ் அளவு ஒரு பொருட்டே இல்லை. இரண்டு அமைப்பிலும் மிஸ் எண்ணிக்கை ஒன்றாக வந்ததன் முதற்காரணம் இதுதான்.

அதோடு, முழு கணினி சிமுலேஷனில் மட்டும் தெரியும் ஒன்று. பங்களிப்பு வரிசை அப்போதுதான் ஒதுக்கப்பட்டது. லினக்ஸ் அதற்கு உண்மையான பக்கங்களை முதல் தொடுதலில்தான் கொடுக்கும். 4 கேபி பக்கங்கள் என்றால் 4 எம்பிக்கு 1,024 பேஜ் ஃபால்ட்கள். ஒவ்வொன்றிலும் கெர்னல் ஒரு பக்கத்தைத் தேடி, 4,096 பைட்டையும் பூஜ்யமாக்கி, பேஜ் டேபிளைத் திருத்தித் திரும்புகிறது. இவற்றில் ஏறக்குறையப் பாதி அந்த ஐம்பது லட்சத்துக்குள் விழுந்தன. பேஜ்ரேங்கின் கேஷ் நடத்தை என்று எழுத இருந்த எண்ணில் ஒரு பகுதி கெர்னலின் மெமரி ஒதுக்கீடு.

கேப் தொகுப்பில் நேரம் அளக்கத் தொடங்குகிற இடம் ஃபங்ஷனை அழைக்கிற இடம். உண்மையான கணினியில் முழு ஓட்டத்தையும் அளப்பவர்களுக்கு அது சரியான இடம். எல்லாச் சுற்றுகளோடு ஒப்பிட்டால் இந்தத் தயாரிப்பு வேலை சிறியது. சிமுலேஷனில் முதல் ஐம்பது லட்சத்தை மட்டும் வெட்டி எடுக்கும்போது அதே இடம் தப்பான இடமாகிவிடுகிறது.

திருத்திய வடிவம்

இரண்டாவது லூப்பின் உள் பகுதி எக்ஸ்86இல் ஐந்தே கட்டளைகள்: அண்டை எண்ணை எடு, அந்த இடத்துப் பங்களிப்பைக் கூட்டு, பாயிண்டரை நகர்த்து, முடிவோடு ஒப்பிடு, திரும்பு. ஒவ்வொரு விளிம்பும் இரண்டு பக்கமும் பதியப்படுவதால், இரட்டைகளை நீக்கிய பின்னும், ஒரு சுற்றில் 3 கோடிக்கு மேற்பட்ட தொடுதல்கள். ஐந்தால் பெருக்கினால் 15 கோடிக்குச் சற்று மேல். ஓ3இல் நொடிக்கு ஒன்றரை லட்சம் வைத்தால் பதினேழு, பதினெட்டு நிமிடம்.

இந்தக் கணக்கைப் போட்டவுடன் வழி திறந்தது. ஐம்பது லட்சம், ஒரு கோடி என்று கட்டளை எண்ணிக்கையில் வெட்ட வேண்டிய தேவையே இல்லை. ஒரு முழுச் சுற்றையே ஓ3இல் ஓட்டலாம். எனவே ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் எம்5 ஒர்க்பிகின் சைகை, சுற்று எண்ணோடு. முதல் சுற்று கேவிஎம்மில். பேஜ் ஃபால்ட்கள் அதோடு ஒழிந்தன. அது முடிந்ததும் செக்பாயிண்ட். மீட்டபின் இரண்டாவது சுற்று முழுவதும் கேஷுடன் அடாமிக்கில், வார்ம்-அப்புக்காக. மூன்றாவது சுற்று ஓ3இல், அதன் தொடக்கத்தில் ஸ்டாட்ஸைப் பூஜ்யமாக்கி, முடிவில் எழுதி நிறுத்தம். பிராஞ்ச் ப்ரெடிக்டர் ஓ3க்கு மாறும்போது புதிதாகத்தான் தொடங்கும். 15 கோடி கட்டளைகள் கொண்ட அளவீட்டில் அது கற்றுக்கொள்ளும் காலம் கரைந்துவிடும், ஐம்பது லட்சத்தில் கரையாது.

இப்படி ஓட்டியபோது 8 எம்பியின் பலன் தெளிவாகத் தெரிந்தது. வார்ம்-அப்பை மட்டும் தனியாகச் சோதிக்க, மூன்றாவது சுற்றுக்குள் இரண்டாவது லூப்பில் ஒரு குறுகிய பகுதியை நிலையாக வைத்து, அதற்கு முந்திய வார்ம்-அப்பின் நீளத்தை மட்டும் மாற்றினோம். வார்ம்-அப் இல்லாதபோது வித்தியாசம் சிறியது. நீட்ட நீட்ட வளர்ந்து, ஒரு நீளத்துக்குப் பிறகு அப்படியே நின்றது. இதில் கவனிக்க வேண்டியது, குளிர்ந்த கேஷால் வரும் பிழை இரண்டு பக்கமும் சமமாக விழுவதில்லை என்பது. 2 எம்பி 32,768 லைனில் நிரம்பிவிடுகிறது, 8 எம்பிக்கு அதைப்போல நாலு மடங்கு வேண்டும். குறைந்த வார்ம்-அப் எப்போதும் பெரிய கேஷைத்தான் குறைத்துக் காட்டும். "ரெண்டுக்கும் ஒரே வார்ம்-அப்தானே கொடுத்தோம், ஒப்பீடு நியாயம்தான்" என்ற வாதம் இங்கே நிற்காது.

சுற்று இல்லாத நிரல்களுக்கு

பேஜ்ரேங்க் போல எல்லா நிரலும் அழகான சுற்றுகளாக வராது. நீண்ட, ஒழுங்கற்ற நிரல்களுக்குச் சாம்பிளிங்தான் வழி. அதில் நன்கு சோதிக்கப்பட்ட இரண்டு பாதைகள் இருபது ஆண்டுக்கு மேலாக இருக்கின்றன. சான் டியேகோவில் டிமதி ஷெர்வுட், பிராட் கால்டர் குழு 2002இல் கொடுத்த சிம்பாயிண்ட், நிரலின் எந்தப் பகுதியில் எந்தக் கட்டளைத் தொகுதிகள் எவ்வளவு ஓடுகின்றன என்று பார்த்து, ஒத்த பகுதிகளைக் கூட்டாக்கி, ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு பிரதிநிதியைத் தேர்கிறது. கார்னகி மெலனில் ரோலண்ட் வுண்டர்லிக் குழு 2003இல் கொடுத்த ஸ்மார்ட்ஸ், நிரல் முழுவதும் சீரான இடைவெளியில் மிகச் சிறிய சாம்பிள்களை எடுக்கிறது. இடையில் கேஷையும் ப்ரெடிக்டரையும் தொடர்ந்து சூடாகவே வைத்திருக்கிறது. ஒரு நிரலுக்கு ஐந்து கோடிக்கும் குறைவான கட்டளைகளை நுணுக்கமாக ஓட்டி, கட்டளைக்கான சுழற்சிக் கணக்கில் சராசரி 0.64 விழுக்காடு பிழை மட்டுமே காட்டினார்கள்.

உப்சாலா குழுவின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது 90 விழுக்காடு வேகம் அல்ல. ஒரு சாம்பிள் இடம் வந்ததும் சிமுலேட்டர் ப்ராசஸையே ஃபோர்க் செய்து இரண்டாக்கிவிடுகிறார்கள். குழந்தை ப்ராசஸ் அந்தச் சாம்பிளை நுணுக்கமாக ஓட்டும். தாய் ப்ராசஸ் கேவிஎம்மில் அடுத்த இடத்துக்குப் போய்விடும். செக்பாயிண்ட் டிஸ்குக்கே போவதில்லை. இதே உத்தியால் வார்ம்-அப் போதுமா என்பதையும் மதிப்பிடுகிறார்கள்: இன்னும் சூடேறாத இடத்தில் வரும் மிஸ்ஸை ஒருமுறை மிஸ்ஸாகவும், ஒருமுறை ஹிட்டாகவும் (தரவு கேஷில் இருந்ததாக) எடுத்து ஓட்டுவது. இரண்டு விடைகளும் நெருங்கி இருந்தால் வார்ம்-அப் போதும். ஒவ்வொரு ஆய்வும் இந்த இரண்டு எண்களையும் அட்டவணையில் தரவேண்டும் என்பது என் விருப்பம்.

இடையில் வந்த இன்னொரு கோளாறு

திருத்தும் வேலைக்கு நடுவே மீட்ட கணினி ஒன்று விசித்திரமாக நடந்தது. புதிதாகச் சேர்த்த கோப்பு உள்ளே தெரியவில்லை, சில சமயம் ஃபைல் சிஸ்டம் பிழை வந்தது. சைகைகளைச் சேர்த்துத் தொகுத்த புதிய நிரலை, செக்பாயிண்ட் எடுத்தபின் அதே டிஸ்க் இமேஜில் ஏற்றியிருந்தார்கள். செக்பாயிண்டில் இருப்பது பூட்டுக்குப் பின் எழுதப்பட்ட மாற்றங்கள் மட்டுமே. அடிப்படை இமேஜ் வெளியே கிடக்கும் சாதாரணக் கோப்பு. உள்ளே இருக்கும் கெர்னலோ பழைய இமேஜின் அட்டவணைகளைத் தன் மெமரியில் வைத்திருக்கிறது. காலடியில் டிஸ்க் மாறியது அதற்குத் தெரியாது. ஜெம்5 இதைச் சோதித்துச் சொல்லாது.

புதிய நிரல் என்றால் புதிய செக்பாயிண்ட்தான். ஆனால் பூட்டை ஒவ்வொரு முறையும் ஓட்ட வேண்டியதில்லை. எல்லா நிரல்களையும் இமேஜில் முன்பே ஏற்றிவிட்டு, பூட் முடிந்ததும் செக்பாயிண்ட் எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று ஜெம்5உடன் வருகிறது. மீட்டவுடன் அது எம்5 ரீட்ஃபைல் மூலம் வெளியிலிருந்து புது ஸ்கிரிப்டை வாங்கி ஓட்டும். எந்த நிரல், எந்த அளவு என்பதை அப்போது சொன்னால் போதும்.

ஒரே செக்பாயிண்ட், ஒரே பாதை

திருத்திய விடையிலும் ஒரு எல்லை இருந்தது. ஒரு செக்பாயிண்டிலிருந்து எத்தனை முறை ஓட்டினாலும், அமைப்பு மாறாதவரை, ஜெம்5 அதே விடையைத் தரும். பிழை தேட இது வரம். ஆனால் உண்மையான கணினி இப்படி ஒரே பாதையில் போவதில்லை. ஒரே நேரத்தில் ஓடும் பல த்ரெட்கள் என்றால் சிறிய தாமதம்கூட லாக்கை யார் முதலில் பிடிப்பது என்பதை மாற்றி, முழு ஓட்டத்தையும் வேறு பக்கம் திருப்பிவிடும். விஸ்கான்சினில் அலாமெல்தீனும் டேவிட் வுட்டும் 2003இலேயே இதைக் காட்டி, மெமரி தாமதத்தில் சிறு சீரற்ற மாற்றம் சேர்த்துப் பலமுறை ஓட்டிச் சராசரி எடுக்கச் சொன்னார்கள். ஒரே ஓட்டத்தை நம்பினால் மோசமான வடிவமைப்பு நல்லதாகத் தெரியவும் வாய்ப்பு உண்டு.

இந்த ஆய்வு ஒற்றை த்ரெட்டில் ஓடியதால் அந்தச் சிக்கல் குறைவு. ஆனாலும் ஒரு கிராஃப், ஒரு செக்பாயிண்ட் என்று விடாமல், வெவ்வேறு சுற்றுகளின் முடிவில் பல செக்பாயிண்ட்கள் எடுத்தோம். எடுப்பது கேவிஎம்மில் என்பதால் செலவு பெரிதில்லை. மாணவி அடுத்து நான்கு த்ரெட்களுக்குப் போகிறார். அங்கே ஐபிசியை நம்ப முடியாது, மற்றவை வந்து சேரும்வரை பேரியரில் காத்துக்கிடக்கும் த்ரெட் சும்மா சுழன்றே கட்டளைகளை முடித்துக்காட்டும். ஒரு சுற்றுக்கு எத்தனை டிக் ஆனது என்பதை மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். லூப்பின் வேலையை, த்ரெட்களுக்குப் பங்கிடும் ஓபன்எம்பி, 16,384 முனைகள் கொண்ட துண்டுகளாக, கை காலியான த்ரெட்டுக்குக் கொடுக்கிறது. எந்தத் துண்டு எந்தக் கோருக்குப் போகும் என்பது சுற்றுக்குச் சுற்று, அமைப்புக்கு அமைப்பு மாறும். அதனால் எல்1 வார்ம்-அப் பற்றிய கணக்கை அங்கே முதலிலிருந்து போட வேண்டும்.

செக்பாயிண்ட் கோப்புறைகள் இப்போது தனியாகச் சேமிக்கப்படுவதில்லை. ஒவ்வொன்றோடும் ஜெம்5இன் கமிட் எண், கெர்னல் கோப்பு, டிஸ்க் இமேஜ் மாறவில்லை என்று காட்டும் செக்சம், தொகுத்த நிரல், அதன் மூலம், எந்தச் சுற்றில் எடுத்தது என்ற குறிப்பு ஆகியவை சேர்ந்தே போகின்றன. மீட்கும் ஸ்கிரிப்ட் முதலில் செக்சம்மை ஒப்பிடுகிறது. ஒத்துப்போகவில்லை என்றால் சிமுலேஷன் தொடங்குவதே இல்லை.